அச்சம் விடைபெறும் பருவம்

துபாய் நகரின் பாம் ஜுமைரா கடற்கரைக்கு மேலே, ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில் பறக்கும் சிறு விமானத்திலிருந்து மனிதர்கள் குதிக்கின்ற காட்சியை இன்று கைப்பேசியில் காணாத மாணவர் அரியர். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் ஊர்க்காரர் சிலரும் அவ்வாறு குதித்து, அப்படத்தை வீட்டாருக்கு அனுப்பி வைக்கின்றனர். பார்ப்போர் வியக்கின்றனர், என்ன துணிச்சல் என்று பாராட்டுகின்றனர். ஆயின் அப்படத்தைச் சற்றே ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். குதிக்கின்றவரின் முதுகோடு மற்றொருவர் வார்களால் பிணைக்கப்பட்டிருக்கிறார். உயரத்தைக் கணிப்பவரும், பாராசூட் எனப்படும் வான்குடையை விரிப்பவரும், தரையிறக்குபவரும் அவரே. முன்னால் இருப்பவர் பயணி. பயணியின் துணிச்சலைப் பற்றி எழுதுவதற்கு அதிகம் இல்லை.

இக்கட்டுரையின் பொருள் வேறு. முதுகில் எவரும் பிணைக்கப்படாமல், தன் பிடியைத் தானே இழுத்து, தன் உயிரைத் தானே தரை சேர்க்கப் புறப்படும் புதிய வான்குதிப்பாளரைப் பற்றியது இது. அவருக்குப் பகை இரண்டு. முதற்பகை அச்சம், அதனை எல்லாரும் அறிவர். இரண்டாம் பகை, அச்சம் காலி செய்த வீட்டில் ஓசையின்றிக் குடிபுகும் மெத்தனம். அஞ்சாமை ஒன்றே வீரம் என்று மேடைதோறும் பேசிப் பழகிவிட்ட நமக்கு, இந்த இரண்டாவது பகை பகையாகவே தோன்றுவதில்லை. என் கருத்து இதற்கு மாறானது. புதியவர் அச்சத்தை ஒழிக்க முயலலாகாது. அதற்கு உரிய நேரமும் இடமும் எவை என்று கண்டு, அங்கே அதனை அமர்த்திக்கொள்ள வேண்டும். அச்சம் முற்றிலும் நீங்கிவிட்டது என்று அவர் மகிழும் நாளே, பிறர் அவரைக் குறித்து அஞ்ச வேண்டிய நாள்.

முதலில் இத்துறையின் கணக்கைச் சொல்லிவிடுவது நலம். 13,000 அடியில் விமானத்தை விட்டு நீங்கியவர் முதற் பத்து விநாடிகளில் சுமார் 1,000 அடி வீழ்கிறார். அதன்பின் காற்றின் தடையும் உடலின் எடையும் சமநிலை அடைய, மணிக்கு ஏறத்தாழ 120 மைல் என்னும் நிலையான விரைவு வாய்க்கிறது. அஃதாவது விநாடிக்கு 175 அடி. வான்குடை விரியும் வரை உள்ள வீழ்ச்சி முழுவதும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். தொடக்கநிலை உரிமம் பெற்றவர் 3,000 அடிக்குக் கீழே வரும்வரை வான்குடையை விரிக்காமல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க வான்குடைச் சங்கத்தின் விதி. அந்த உயரத்தில் எதுவுமே விரியவில்லை என்று வைத்துக்கொண்டால், தரைக்கும் அவருக்கும் இடையே உள்ள காலம் பதினேழு விநாடி. விரியவில்லை என்று உணர்தல், விரிந்தது சிக்கலோடு விரிந்ததா எனப் பார்த்தல், முதன்மை வான்குடையை அறுத்து விடுதல், காப்பு வான்குடையை விரித்தல் ஆகிய அனைத்தும் இதற்குள் நிகழ வேண்டும். ஒரு தேநீரை ஆற்றிக் குடிப்பதற்கும் இதனினும் மிகுதியான நேரம் வேண்டும்.

இக்கணக்கை அறிந்த ஒருவர் அஞ்சாமல் இருந்தால் அவர் கணக்கை அறியவில்லை என்பதே பொருள். விமானம் ஏற ஏறப் புதியவரின் நா வறளும், உள்ளங்கை வியர்க்கும். கதவு திறந்ததும் குளிர்ந்த காற்று பேரிரைச்சலோடு உள்ளே பாயும். முதன்முறை குதித்தோரைத் தரையில் வினவினால், விமானத்தை விட்டு நீங்கிய முதற் சில விநாடிகளில் நடந்தது என்னவென்று பலருக்கு நினைவிராது. கண் திறந்திருந்தும் கண்டது மனத்தில் பதிவதில்லை. புலன்கள் தாங்கும் அளவுக்கு மேல் செய்தி வந்து குவிவதால் நேர்வது இது. கோழைத்தனம் என்று இதனை இகழ்வது அறியாமை.

இவ்வச்சத்தை ஆளும் வழி யாது? ஊக்கமூட்டும் உரைகளால் ஆவது சிறிதே. பயிற்றுநர்கள் கையாளும் முறை மிக எளியது, ஓரளவு சலிப்பூட்டுவதும்கூட. மேற்கூரையிலிருந்து தொங்கும் வார்க்கட்டில் மாணவரை மாட்டி, சிக்கலுற்ற வான்குடையின் படத்தை அவர் தலைக்கு மேலே காட்டுவர். அவர் பார்க்க வேண்டும். வலப்பக்கத்துப் பிடியைப் பற்றி இழுத்து முதன்மை வான்குடையை விடுவிக்க வேண்டும். இடப்பக்கத்துப் பிடியை இழுத்துக் காப்பு வான்குடையை விரிக்க வேண்டும். பத்து முறை, இருபது முறை, சிந்திக்காமலே கை செல்லும் வரை. சிந்தனை நின்றுபோகும் விநாடியில் கை நின்றுபோகாமல் இருப்பதற்காகவே இத்தனை முறை. விமானத்தில் அமர்ந்திருக்கையில் மூச்சை நீளமாக வெளியே விடுதல், பிடிகளை வரிசையாகத் தொட்டுப் பார்த்தல், செய்ய வேண்டியவற்றைக் கண்ணை மூடி ஒருமுறை மனத்தில் நடத்திப் பார்த்தல் ஆகியனவும் இதன் தொடர்ச்சியே.

இன்னொன்றும் உண்டு, இதனை நான் மிகவும் மதிக்கிறேன். உருவமற்ற அச்சத்துக்கு உருவம் கொடுத்தல். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதற்கு எவராலும் விடை கூற இயலாது. "வான்குடை முறுக்கிக்கொண்டு விரிந்தால் என்ன செய்வேன்?" என்பதற்கு விடை உண்டு. "மேகம் மூடிவிட்டால்?" அதற்கும் உண்டு. "காற்று வலுத்துவிட்டால்?" விமானத்திலேயே இறங்கிவிடலாம். ஏறிய விமானத்தில் குதிக்காமல் இறங்குவது இத்துறையில் இழுக்கன்று. அதனை இழுக்கென்று எள்ளி நகையாடும் கூட்டம் ஒரு தளத்தில் இருக்குமாயின், புதியவர் அத்தளத்தை விட்டே விலகிவிடுதல் நன்று.

அச்சம் எப்போது வருகிறது என்பது குறித்து 1960-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த செய்மூர் எப்ஸ்டைன், வால்டர் ஃபென்ஸ் என்னும் உளவியலார் இருவர் ஆராய்ந்தனர். குதிப்போரின் இதயத்துடிப்பையும் மூச்சையும் தோலின் மின்கடத்தலையும் விமானநிலையம் வந்தது முதல் குதிக்கும் தறுவாய் வரை அளந்தனர். புதியவருக்குப் படபடப்பு ஏறிக்கொண்டே போய், குதிக்கும் வேளையில் உச்சத்தை எட்டியது. பழகியவருக்கோ முன்னதாகவே ஏறி, பின் தணிந்து, கதவருகே நிற்கையில் அடங்கியிருந்தது. எப்பொழுது மிகுதியாக அஞ்சினீர்கள் என வினவியபோது, பழகியவர்கள் குதிக்கும் நாளின் காலைப்பொழுதைக் குறிப்பிட்டனர்.

இம்முடிவை நம் மாணவர்கள் நன்கு எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். பழகியவர் அச்சமற்றவர் அல்லர். அவர் அச்சம் இடம் மாறியிருக்கிறது; அவ்வளவே. கதவருகே பயனற்றதாய் இருந்த ஒன்று, காலையில் வார்களைச் சரிபார்க்கும் மேசையருகே வந்து நிற்கிறது. அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

ஆனால் எல்லாரிடமும் அச்சம் இவ்வாறு ஒழுங்காக இடம்பெயர்வதில்லை. சிலரிடம் அது கதவருகிலிருந்து நீங்குகிறது. வேறெங்கும் போய்ச் சேர்வதில்லை. இடர் தொடங்குவது இங்கேதான்.

அமெரிக்காவில் 25 முறை குதித்து, உரிய தேர்வுகளில் தேறியவருக்கு முதல்நிலை உரிமம் வழங்கப்படுகிறது. மாணவராக இருந்தவரை அவரைச் சுற்றி வேலி பல இருந்தன. எடுத்துக்காட்டாக, இன்று வழக்கிலுள்ள செவ்வக வடிவ வான்குடையோடு தனித்துக் குதிக்கும் மாணவருக்குத் தரைக்காற்று மணிக்கு 14 மைலைத் தாண்டலாகாது. உரிமம் கைக்கு வந்த அன்றே இவ்வரம்பு நீங்கிவிடுகிறது. உரிமம் பெற்றோருக்குச் சங்கம் காற்றின் வரம்பு எதனையும் விதிக்கவில்லை, அவரே தீர்மானித்துக்கொள்ளலாம். நேற்று 15 மைல் காற்றில் பயிற்றுநர் அவரைத் தரையில் நிறுத்தினார். இன்று 20 மைல் காற்றில் அவரை நிறுத்துவார் யார்? அவருடைய அச்சம் ஒன்றே நிறுத்த வேண்டும். ஏறத்தாழ அதே பருவத்தில்தான் அதுவும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. வேலியும் காவலும் ஒருசேர நீங்குகின்ற இந்த இடைவெளியைப் போல் ஏமாற்றுகின்ற காலம் வேறில்லை. முப்பது முறை பிழையின்றித் தரை சேர்ந்தவர் அதனைத் தம் திறமை என்று கொள்கிறார். நற்காற்றும், பெரிய வான்குடையும், பயிற்றுநரின் கண்காணிப்பும் அதில் வகித்த பங்கு அவருக்குத் தெரிவதில்லை.

இந்நிலைக்குத் தமிழில் மிகப் பழைய சொல் ஒன்று உண்டு: பொச்சாப்பு. இன்றைய மாணவர்க்கு அகராதியில் தேட வேண்டிய சொல்லாகிவிட்ட இதற்கு மறதி, சோர்வு என்றெல்லாம் உரையாசிரியர்கள் பொருள் கூறுவர். திருக்குறளின் ஐம்பத்து நான்காம் அதிகாரத்துக்குப் பொச்சாவாமை என்றே பெயர். மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதி அளவுகடந்த சினத்தை விடத் தீயது என்ற கருத்தோடு அவ்வதிகாரம் தொடங்குவது இங்கு எண்ணத்தக்கது. துன்பத்தில் வரும் மறதியை வள்ளுவர் அங்கே முதலில் எடுத்துக்கொள்ளவில்லை. வெற்றிக் களிப்பில் வருவதையே சுட்டினார். அரசர்க்குச் சொன்னது வான்குதிப்பாளர்க்கும் அப்படியே பொருந்துகிறது.

1988 ஏப்ரலில் வட கரோலினா மாநிலத்து லூயிஸ்பர்க் என்னும் ஊரில் நிகழ்ந்ததை இத்துறையார் இன்றும் மறக்கவில்லை. 800 முறைக்கு மேல் குதித்த ஒருவர், பயிற்றுநர் ஒருவரும் மாணவர் ஒருவரும் குதிப்பதைப் படம்பிடிப்பதற்காக அன்றைய நாளில் மீண்டும் ஒருமுறை விமானம் ஏறினார். தலையில் படக்கருவி; முதுகில் அதன் பதிவுப்பொறி. நேர்த்தியாகப் படம் பிடித்தார். மற்றவர்களின் வான்குடைகள் விரிந்தன. தம் வான்குடையை விரிக்கக் கை நீட்டியபோதுதான் அதனை அணியவே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. முதுகில் இருந்த பொறியின் கனம் வான்குடையின் கனமாக அவருக்குத் தோன்றியிருக்கக் கூடும் என்று கருதுகின்றனர். விமானத்தில் உடனிருந்த எவரும் கவனிக்கவில்லை.

இதனைக் கேட்போர் "இப்படியும் ஒருவர் மறப்பாரா?" என்பர். என்னைக் கேட்டால், முதன்முறை குதிப்பவர் எவரும் இவ்வாறு மறக்கவே முடியாது என்பேன். அவருடைய கை பத்துத் தடவை வாரைத் தடவிப் பார்த்திருக்கும். மறப்பதற்குப் பழக்கம் வேண்டும். அணியுமுன் ஒருமுறை, விமானத்தில் ஏறுமுன் ஒருமுறை, குதிக்குமுன் ஒருமுறை என மூன்று முறை கருவிகளைச் சரிபார்க்க வேண்டும் என்பதும், அவற்றுள் ஒருமுறையாவது இன்னொருவர் கண்ணும் பட வேண்டும் என்பதும் இத்துறையின் நல்வழக்கு. நண்பர் ஒருவர் "உன் முதுகைக் காட்டு" என்றால் அதனை அவமதிப்பாகக் கருதும் புதியவர்கள் இருக்கின்றனர். பழகியவர்களோ தாமே வந்து முதுகைக் காட்டுவர். இதிலிருந்தே ஒருவரின் தரத்தை ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

கருவிகள் மேம்பட்டுவிட்டனவே, பிறகென்ன கவலை என்று இளைஞர் கேட்பர். உண்மைதான். ஜெர்மானியரான ஹெல்முட் குளோத் உருவாக்கி 1991-இல் விற்பனைக்கு வந்த சைப்ரஸ் என்னும் சிறு கருவி, குதிப்பவர் நினைவிழந்து சுமார் 750 அடி வரை முழு விரைவோடு வந்துவிட்டால், தானே காப்பு வான்குடையை விரித்துவிடும். அதனால் பிழைத்தோர் பலர். புதியவர் அஃதின்றிக் குதிக்கவே கூடாது என்பது என் துணிபு. ஆயினும் 750 அடி என்பது தரையிலிருந்து நான்கே விநாடித் தொலைவு. அது கடைசி வலை. அதன்மேல் நடை பழகுதல் ஆகாது. பழுதுற்ற வான்குடையை நொடியில் விடுவிக்கும் மூவளையப் பூட்டை 1970-களில் உருவாக்கிய அமெரிக்கர் பில் பூத் ஒரு கருத்தைச் சொல்லி வந்தார். கருவி எவ்வளவுக்குப் பாதுகாப்பானதாக ஆகிறதோ, அவ்வளவுக்குக் குதிப்போர் துணிந்து இடரைத் தேடிக்கொள்வர்; ஆதலால் இறப்போர் அளவு மாறாது என்பது அது. பாதுகாப்புக் கருவி செய்தவரே இப்படிச் சொன்னார் என்பது சிந்திக்கத்தக்கது.

அவர் கருத்தை முழுமையாக ஏற்க நான் தயங்குகிறேன். எண்கள் வேறு சொல்கின்றன. 1970-களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இத்துறையில் மாண்டனர். 2023-இல் ஏறத்தாழ 36.5 இலட்சம் முறை குதித்ததில் மாண்டோர் பத்துப் பேர். இது பெருஞ்சாதனை. "பிள்ளைகளுக்கு ஏனிந்த வீண் வேலை?" என்று வினவும் பெரியோர்க்கும் இவ்வெண்ணையே விடையாகக் கூறுவேன், இது பித்தர்களின் விளையாட்டு அன்று. ஆனால் பூத்தின் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. முன்பு வான்குடை விரியாமல் மாண்டோர் மிகுதி. இப்போதோ, நன்கு விரிந்த, பழுதில்லாத வான்குடையின் கீழேயே தரையிறங்கும் வேளையில் மாள்வோரும் கைகால் முறிவோரும் கணிசமாக உள்ளனர்.

ஏனெனில் தரையிறங்குதல் எப்போதும் மறக்கப்படும் பகுதி. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறக்கை கட்டிப் பறந்த செய்தியைப் பிற்கால வரலாற்றாசிரியர் அல் மக்கரீ எழுதி வைத்திருக்கிறார். நெடுந்தொலைவு பறந்தவர் இறங்கும்போது முதுகில் அடிபட்டார். பறவைகள் வாலின் துணையால் இறங்குகின்றன என்பதைக் கருதாமல், வால் ஒன்றை அமைக்கத் தவறிவிட்டாராம். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 1919 ஏப்ரல் 28-ஆம் நாள், ஓகையோ மாநிலத்து மெக்குக் தளத்தில் லெஸ்லி இர்வின் விமானத்திலிருந்து குதித்துச் சற்று வீழ்ந்தபின் தம் கையால் கயிற்றை இழுத்து வான்குடையை விரித்தார். தடையின்றி வீழ்பவன் நினைவிழப்பான் என்று அன்று பலர் நம்பிய கொள்கையை அவர் பொய்யாக்கினார். வானில் எல்லாம் செவ்வனே நடந்தது. தரையிறங்கும்போது கணுக்கால் முறிந்தது.

இன்றைய செவ்வக வான்குடை ஒரு சிறகு. ஒரு பக்கத்துப் பிடியைக் கடுமையாக இழுத்தால் அது திரும்புவதோடு மூக்கைக் கீழே சாய்த்துப் பாயும். மீண்டும் சமநிலைக்கு வர உயரம் வேண்டும். 1,000 அடியில் இது விளையாட்டு. 100 அடியில் இது மரணம். புதியவர் பெரும்பாலும் விளையாட்டுக்காக அங்கே திரும்புவதில்லை. எதிரே ஒரு வேலியோ மரமோ தென்படுகிறது. அல்லது காற்று பின்னாலிருந்து வீசுவதைத் தாமதமாக உணர்கிறார். அச்சத்தில் கை இழுத்துவிடுகிறது. மேலே மெத்தனமாக இருந்து இறங்குமிடத்தைத் தேராமல் விட்டதன் விலையை, கீழே வந்த திடீர் அச்சம் பன்மடங்காகப் பெருக்கிவிடுகிறது. இரண்டு பகைகளும் கைகோக்கும் இடம் இது. காற்றின் போக்கிலேயே இறங்க நேர்ந்தாலும் சிறகைச் சமமாக வைத்து, கால்களை ஒன்றுசேர்த்து, விழுந்து உருள்வதே தக்கது. ஆடை கிழியும், முழங்கை சிராயும், உயிர் இருக்கும்.

வான்குடையின் அளவைக் குறைத்துக்கொள்ளும் ஆசையும் இவ்விடத்தில்தான் கேடு செய்கிறது. மாணவர்க்குக் கொடுக்கப்படுவது அகன்ற, மெதுவான வான்குடை. அளவு குறையக் குறைய விரைவு கூடும். சிறு பிழையையும் அது பொறுக்காது. தளத்தில் சிறிய வான்குடையோடு நடப்பது ஒரு பெருமை. கடைத்தெருவில் புதிய மோட்டார் வண்டி ஓட்டும் பெருமைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. நூறு முறை அகன்ற வான்குடையில், விரும்பிய இடத்தில் விரும்பியவாறு இறங்கிக் காட்டாதவர் சிறியதைக் கேட்டால், விற்பவர் மறுக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

குளிர்காலம் முழுவதும் குதிக்காமல் இருந்து வேனிலில் திரும்புவோர் குறித்து ஒரு சொல். முதல்நிலை உரிமம் பெற்றவர் 60 நாள் குதிக்காதிருந்தால், பயிற்றுநர் ஒருவரின் மேற்பார்வையில் ஒருமுறையாவது குதித்த பின்னரே தனித்துக் குதிக்கலாம் என்று அமெரிக்கச் சங்கம் அறிவுறுத்துகிறது. மாணவர்க்கு இது 30 நாள். இருபத்தைந்தாம் முறைக்கும் இருபத்தாறாம் முறைக்கும் இடையே கையின் நினைவு இருமடங்கு நீண்டுவிடும் என்று நம்புவதற்குக் காரணம் எனக்குப் புலப்படவில்லை. ஐம்பது முறை குதித்து முடிக்கும் வரை உரிமம் பெற்றவர்க்கும் முப்பது நாள் என்றே வைக்கலாம். அதனால் அவர் இழப்பது தொங்கும் வார்க்கட்டில் ஒரு மணி நேரமும், பயிற்றுநருக்கு ஒருமுறை கொடுக்கும் கட்டணமும்.